விரும்பி யாரும் ஏறாத வண்டி

வண்டி பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான். முதலில் டயரை மிதிப்பார்கள். பிறகு பானட்டைத் திறக்கச் சொல்வார்கள். திறந்து காட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கிணற்றில் விழுந்த ஆட்டைப் பார்க்கிற மாதிரி எட்டிப் பார்ப்பார்கள். ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு முகமெல்லாம் சிரிப்பாக இறங்குவார்கள். கடைசியாக அந்தக் கேள்வி வரும்: "இம்புட்டு நல்லா இருக்குற வண்டிய எதுக்கு விக்கிறீக?"

அங்கேதான் என் வாய் நிற்காது. பட்டாசுக் கம்பெனியில் தீக்காயம் பட்டவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வண்டி, அதனால் இந்தப் பக்கத்தில் ஒருத்தரும் ஏறமாட்டேன் என்கிறார்கள் என்று உள்ளதைச் சொல்லிவிடுவேன். வந்தவர் சட்டென்று சீட்டிலிருந்து கையை எடுத்துக்கொள்வார். "வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு போன் பண்றேன் அண்ணாச்சி" என்பார். இதுவரை ஒருத்தரும் போன் பண்ணியதில்லை.

என் மகனுக்கு விருதுநகரில் பருப்பு மண்டியில் வேலை. ஒவ்வொரு ஆள் திரும்பிப் போகும்போதும் அவனுக்குக் கொதிக்கும். "டீசலா, நாலு சக்கரமும் இழுக்குதா, எஃப்.சி. இருக்கா, அம்புட்டுத்தான் அவுகளுக்கு வேணும். பழைய கதைய யாருப்பா உங்ககிட்ட கேட்டா?" என்பான். அவன் சொல்வதும் சரிதான். ஆனால் ஓட்டினவன் நான். என்னைக் கேட்டால் நான் சொல்லித்தானே ஆகவேண்டும்?

போன வாரம் டீக்கடையில் ஒரு தம்பி கேட்டான். எங்கள் பக்கத்துக் கம்பெனிகள் சேர்ந்து புதிதாக வாங்கியிருக்கும் ஆம்புலன்ஸை ஓட்டுகிறவன். ஏசி, ஆக்ஸிஜன், சைரன் எல்லாம் இருக்கிற வண்டி. "அண்ணாச்சி, உங்க காலத்துல காருலயா வச்சுக் கொண்டு போனீக?" என்றான். காருதான்லே என்று ஆரம்பித்தேன். அவனுக்கு அழைப்பு வந்து ஓடிவிட்டான். பாதியில் நின்றுபோன பேச்சு எனக்குத் தொண்டையிலேயே கிடக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

நான் சங்கரபாண்டி. லாரி ஓட்டிப் பழகியவன். சீசனுக்குப் பட்டாசு லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூர் தாண்டி வடக்கே போய் வந்த ஆள். இடுப்பு ஒரு நாள் இனி முடியாது என்று சொல்லிவிட்டது. நாரணாபுரத்துப் பக்கம் இருந்த ஒரு கம்பெனியில் முதலாளிக்குக் கார் ஓட்ட வந்தேன். அங்கேயே ரிட்டயர் ஆகிவிட்டேன். எனக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. சினிமாக் கொட்டகையில்கூட இடைவேளைக்கு முன்னால் இரண்டு தடவை வெளியே வந்துவிடுவேன். இப்போது வீட்டில் இருக்கிறேன் என்று பெயர், வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். "ஒரு எடத்துல உக்காருங்களேன், எனக்குத் தலை சுத்துது" என்கிறாள் என் மனைவி பேச்சியம்மாள்.

எங்கள் கம்பெனி தார் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, கரிசல் காட்டுக்கு நடுவில் இருந்தது. வெயில் காலத்தில் அந்தப் பாதையில் யார் வேண்டுமானாலும் வரலாம். ஆவணி, புரட்டாசியில் சீசன் உச்சத்தில் இருக்கும்போதுதான் சாயங்காலம் இடி மழை வரும். ஒரு மழை போதும். டயரில் மண் அப்பி, அப்பிய மண்ணில் மேலும் மண் அப்பி, சக்கரம் சுற்றும், வண்டி நகராது. அப்படி ஒரு மழை நாளில் ஒரு பெரியவருக்குத் தீக்காயம் பட்டது. அழைத்த ஆம்புலன்ஸ் திருப்பத்திலேயே புதைந்து நின்றது. மர பெஞ்சில் அவரைப் படுக்கவைத்துக் காட்டு வழியாகத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வழியெல்லாம் தண்ணீர் கேட்டுக்கொண்டே வந்தார். அவர் பிழைக்கவில்லை. வண்டி உள்ளே வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்பது எனக்குத் தெரியாது, முதலாளிக்கும் தெரியாது.

முதலாளியை நாங்கள் அண்ணாச்சி என்போம். கருமாதி முடிந்த மறுநாள் என்னைக் கூப்பிட்டார். "ஏலே சங்கரபாண்டி, சேத்துல நிக்காத வண்டி ஒண்ணு பாரு. நம்ம ஆளுகள நாமளே கொண்டு போயிருவோம்."

அதிலிருந்து எனக்குத் தூக்கம் போச்சு. வண்டி என்றால் சும்மாவா? ஜீப் பார்த்தோம். சேற்றில் போகும், ஆனால் குட்டை. ஆளை மடக்கித்தான் வைக்கவேண்டும். குதிக்கிற குதியில் நல்ல மனுஷனுக்கே வயிறு கலங்கும். அண்ணாச்சிக்கு உயரமான பெரிய வண்டி ஒன்றின் மேல் கண். கறுப்பு நிறம், பளபளவென்று இருந்தது. கோயில் கொடைக்குப் போய் இறங்கினால் கம்பீரமாகத்தான் இருக்கும். ஆனால் அதன் பின்கதவைத் திறந்தால் தளம் என் நெஞ்சு உயரத்துக்கு வந்தது. தோல் வெந்துபோன ஒரு மனுஷனை அந்த உயரத்துக்குத் தூக்கினால் அவர் என்ன ஆவார்? "அழகா இருக்கு அண்ணாச்சி, நமக்கு ஆவாது" என்றேன். அண்ணாச்சி இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்புறம்தான் ஒரு புரோக்கர் கோத்தகிரியில் ஒரு எஸ்டேட்காரரிடம் ஸ்டேஷன் வேகன் இருப்பதாகச் சொன்னார். கார் மாதிரியே தாழ்வாக இருக்கும். ஆனால் பின்சீட்டை மடக்கினால் டிக்கி வரைக்கும் ஒரே நீளத் தளம். அதோடு ஆல் வீல் டிரைவ். ஜீப்பில் தேவைப்படும்போது நாம் லீவர் போட்டால்தான் நாலு சக்கரமும் இழுக்கும். இதில் அந்த வேலையே இல்லை, எந்நேரமும் நாலும் இழுக்கும். ஒரு சக்கரம் வழுக்கினால் மற்றது பிடித்துக்கொள்ளும். கேட்டதும் எனக்கு அன்றைக்கே மலை ஏறவேண்டும் போல இருந்தது.

அண்ணாச்சி, நான், தங்கையா போர்மேன் மூன்று பேரும் போனோம். போர்மேனைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அறைக்குள் போகிறவர்கள் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைக் கையால் தொட்டுவிட்டுத்தான் போகவேண்டும். உடம்பில் இருக்கிற மின்சாரம் தரையில் இறங்கிவிடும். உடம்பில் ஏது மின்சாரம் என்று கேட்காதீர்கள், நைலான் சட்டை போட்டு உரசினாலே போதும், ஒரு பொறி வரும், அந்த ஒரு பொறியில் எல்லாம் போய்விடும். போர்மேனுக்கு இது ரத்தத்தில் ஊறிப்போனது. கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் உள்ளே நுழைவதற்கு முன் கதவு நிலையைத் தொட்டுவிட்டுத்தான் போவார். ஒரு நாளும் குரல் உயர்த்தியதில்லை. தப்புச் செய்தவன் பக்கத்தில் போய்ச் சும்மா நிற்பார். அவன் வேர்த்துப்போய்த் தானே சரிசெய்வான்.

எஸ்டேட் பங்களாவில் வண்டியைப் பார்த்ததும் போர்மேன் டயரை மிதிக்கவில்லை. நேராகப் பின்னால் போய்க் குனிந்து சைலன்சரைப் பார்த்தார். "டீசல்தான?" என்றார். "பெட்ரோல் இன்ஜின்னா உள்ள பொறி அடிக்கும், கேட்டுக்குள்ள விடமாட்டேன்." பிறகு பின்சீட்டை மடக்கச் சொன்னார். மடக்கினேன். எங்களில் அவர்தான் நெடியவர். வேட்டியை ஒதுக்கிக்கொண்டு ஏறி, மல்லாக்கப் படுத்து, கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு, "கதவச் சாத்து" என்றார். சாத்தினேன். கால் இடிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து எஸ்டேட்காரரின் மனைவி காபித் தட்டோடு வந்தவர், தன் காருக்குள் ஒரு ஆள் விறைப்பாகக் கண்ணை மூடிப் படுத்திருப்பதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டார். "ஐயோ!" என்ற சத்தமும் தட்டு விழுந்த சத்தமும் ஒன்றாகக் கேட்டன. போர்மேன் உள்ளிருந்தபடியே, "ஒண்ணுமில்லம்மா, அளவு பாக்கேன்" என்றார். அந்த அம்மா இன்னும் பயந்துபோனார்.

அடுத்தது சீட். காரில் உட்கார்ந்து வழுக்கி இறங்கி, கதவின் இரும்பைத் தொட்டால் சில வண்டிகளில் சுள்ளென்று அடிக்கும். அடித்தால் அந்த வண்டி எங்களுக்கு ஆகாது. மூன்று பேரும் மாறி மாறி உட்கார்ந்து, பின்பக்கத்தைச் சீட்டில் நன்றாகத் தேய்த்து, இறங்கி இரும்பைத் தொட்டோம். அண்ணாச்சி வேட்டி அவிழ்கிற அளவுக்குத் தேய்த்தார். எஸ்டேட்காரர் எதுவும் கேட்கவில்லை, மனைவியை மட்டும் உள்ளே போகச் சொன்னார். ஒரு தடவைகூட ஷாக் அடிக்கவில்லை. "பாஸ்" என்றார் போர்மேன். வண்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

ஊர் வந்து சேர்ந்து, கேட்டுக்கு வெளியே நிறுத்தி, வெயிலில் இறங்கிக் கதவைத் தொட்டேன். சுள்! மறுபடி ஏறி இறங்கித் தொட்டேன். சுள்! போர்மேன் தொட்டார். கையை உதறினார். அண்ணாந்து வெயிலைப் பார்த்தார். அப்புறம் மெல்லச் சொன்னார்: "அங்கன மலையில மூடுபனிலா. ஈரக் காத்துல எந்தச் சீட்டுதான் அடிக்கும்? மூணு பேரும் போயி மூடுபனிக்குள்ள தேச்சிருக்கோம்." அண்ணாச்சி சிரிக்க ஆரம்பித்தவர் இருமல் வந்துதான் நிறுத்தினார். பட்டாசுக்காரன் தவிர வேறு எவனும் இப்படி ஒரு பரீட்சை வைக்கவும் மாட்டான், வைத்து ஏமாறவும் மாட்டான்.

அந்தச் சீட்டுத் துணியை முழுக்கப் பிரித்து எறிந்தோம். திருத்தங்கல் டெய்லரிடம் பருத்திக் காடாத் துணியில் உறை தைத்து மாட்டினோம். அதற்கப்புறம் ஷாக் நின்றது. இருந்தாலும் போர்மேனுக்கு மனசு ஆறவில்லை. எண்ணெய் டேங்கர் லாரியில் கட்டுகிற மாதிரி வண்டியின் பின்னால் தரையில் உரசுகிறபடி ஒரு சங்கிலியைக் கட்டித் தொங்கவிட்டார். கரகரவென்று இழுத்துக்கொண்டே போகும். ஊருக்குள் நுழைந்த முதல் நாளே பெயர் வைத்துவிட்டார்கள். வால் வண்டி. ஆர்.சி. புத்தகத்தில் வேறு பெயர் இருக்கும், அது யாருக்குத் தெரியும்?

வண்டி வெளிக்கேட்டுக்குப் பக்கத்தில், வேப்பமரத்தடியில் எப்போதும் ரோட்டைப் பார்த்து நிற்கவேண்டும். பின்னால் மெத்தை, அதன்மேல் வெளுத்த பருத்தி விரிப்பு. கேனில் சுத்தமான தண்ணீர். காலையில் அண்ணாச்சி தோட்டத்திலிருந்து வருகிற இளசான வாழையிலைக் கட்டு. தீக்காயத்துக்கு அடியில் விரித்தால் இலை ஒட்டாது, துணி ஒட்டிக்கொள்ளும். சாயங்காலம் வரை ஒன்றும் நடக்கவில்லை என்றால் இலை மிஞ்சும். பச்சைப்பசேல் என்று தலைவாழை இலை. ஆனால் அந்த இலையில் ஒரு ஆளும் சோறு போட்டுச் சாப்பிடமாட்டார்கள். மாட்டுக்குத்தான் போகும். தினமும் காலையில் போர்மேன் வந்து கேட்பார். "இலை?" இருக்கு என்பேன். "தண்ணி?" இருக்கு. "நீ?" இருக்கேன் என்பேன். தலையாட்டிவிட்டு உள்ளே போவார்.

வண்டிக்கு வெள்ளைக்கல் எல்லை ஒன்று உண்டு. அதாவது, கம்பெனிக்குள் ஓர் இடத்தில் வரிசையாகச் சுண்ணாம்பு அடித்த கற்கள் இருக்கும். அதற்கு அந்தப் பக்கம் மருந்து அறைகள். எந்த இன்ஜினும் அந்தக் கல்லைத் தாண்டக் கூடாது. முதலாளி கார், அதிகாரி ஜீப், எதுவாக இருந்தாலும் சரி. காயம்பட்டவர்களை ஸ்ட்ரெச்சரில் கல் வரைக்கும் தூக்கிவந்து என்னிடம் ஏற்றவேண்டும்.

இன்னொரு கட்டுப்பாடு ஊர் போட்டது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் எனக்குப் புரிந்துவிட்டது. ஒரு நாள் டயருக்குக் காற்றுப் பிடிக்க அவசரமாகப் போனேன். சங்கிலிச் சத்தம் கேட்டு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பெண்கள் ஓடி வந்துவிட்டார்கள். "யாருக்கு என்னாச்சு? எம் மகளா?" என்று ஒருத்தி பானட்டிலேயே விழுந்தாள். காற்றுப் பிடிக்கப் போறேன் தாயி என்றதும் என்னைத் திட்டினாள் பாருங்கள், அப்படி ஒரு திட்டு என் வாழ்நாளில் வாங்கினதில்லை. அன்றிலிருந்து சும்மா போகிற நாட்களில் வண்டியை நடை வேகத்தில் உருட்டிக்கொண்டுதான் போவேன்; மெதுவாகப் போனால் யாருக்கும் ஒன்றுமில்லை என்று அர்த்தம். சைக்கிள்காரன் மணியடித்து என்னை ஒதுங்கச் சொல்லிவிட்டுப் போவான். என் மாதிரி அவசரக்காரனுக்கு இதைவிடத் தண்டனை வேறு உண்டா?

அப்படியிருந்தும் வண்டிக்குக் கெட்ட பெயர் வந்துவிட்டது. அதில் போனவர்களில் பலர் பிழைத்தார்கள், சிலர் திரும்பவில்லை. அதை மறைத்து ஆகப்போவது ஒன்றும் இல்லை. அண்ணாச்சியின் மனைவி அதில் ஏறமாட்டேன் என்றார். வெளியூர் வியாபாரிகளை ஸ்டேஷனிலிருந்து கூட்டிவர அனுப்பினால், யாரோ சொல்லி, அவர்களும் ஆட்டோவில் வந்தார்கள்.

இப்போது மாரீஸ்வரி கதைக்கு வருகிறேன். வெடிக்குத் திரி ஏற்றுகிற வேலை பார்த்த பெண். புருஷன் இல்லை. அம்மாவோடு இருந்தாள். வாய் என்றால் வாய், அறைக்கு நாலு பேர்தான் இருக்கவேண்டும் என்று சட்டம், இவள் ஒருத்தி இருந்தாலே நாலு பேர் பேசுகிற மாதிரி இருக்கும். ஒரு புரட்டாசி மாதம் மத்தியானத்துக்கு மேல் இடி இடித்தது. இடி கேட்டால் எல்லாரும் அறையை விட்டு வேலி ஓரம் வந்துவிடவேண்டும். போர்மேன் மணி அடித்தார். எல்லாரும் வந்துவிட்டார்கள். அதற்குள் மழை சடசடவென்று இறங்கிவிட்டது. கடைசி மேடையில் மருந்துச் சரக்கு காய்ந்துகொண்டிருந்தது. அலுமினியப் பவுடர் கலந்த சரக்கு நனைந்தால் தானாகச் சூடேறும். மேடை ஓரத்தில் தார்ப்பாய் இருக்கிறது, இழுத்து மூடிவிட்டால் போதும் என்று மாரீஸ்வரி ஓடினாள். "போகாத!" என்று போர்மேன் கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அது ஒன்றுதான்.

வெடிக்கவில்லை. எரிந்தது. வெள்ளை வெளிச்சம் ஒன்று எழுந்து அடங்கியது. போய்ப் பார்த்தவர்கள் சத்தம் போட்டார்கள். வலது கை, கழுத்து, முகத்தில் ஒரு பக்கம். உயிர் இருந்தது. நாலு பேர் ஸ்ட்ரெச்சரோடு போனார்கள். தூக்கிய வேகத்தில் முன்னால் பிடித்தவன் சேற்றில் வழுக்கி விழுந்தான். அவளும் சேர்ந்து சரிந்தாள். அவள் போட்ட சத்தம் வண்டிக்குள் வரை கேட்டது. வெள்ளைக்கல்லுக்கு இந்தப் பக்கம் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பக்கம் இன்னும் இரண்டு மேடைகளில் சரக்கு நனைந்துகொண்டிருக்கிறது. போர்மேன் கல்லின் மேல் நிற்கிறார். நான் அவரைப் பார்க்கிறேன், அவர் அவளைப் பார்க்கிறார்.

போர்மேன் வேட்டியை மடித்துக் கட்டினார். கல்லைத் தாண்டி உள்ளே இறங்கி, எனக்கு முதுகைக் காட்டி நடந்தார். கையை மட்டும் பின்னால் நீட்டி, வா வா என்று விரலை ஆட்டினார். வண்டிக்கு ஏதாவது ஆனால் முதலில் அவருக்குத்தான் ஆகும். அப்படி ஒரு இடத்தில் நடந்துகொண்டு என்னைக் கூப்பிட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வைப்பர் போட்டும் பிரயோசனம் இல்லை.

சேற்றில் அந்த வண்டியை ஓட்டுவது எப்படி என்று தம்பிகள் கேட்டால் சொல்வேன், ஆக்ஸிலேட்டரை மிதிக்காதே, நிறுத்தவும் நிறுத்தாதே. முன்சக்கரம் வழுக்கியது, ஸ்டியரிங் கையில் உதறியது, அடுத்த நொடி பின்னாலிருந்து ஒரு தள்ளு. பின்சக்கரம் பிடித்துவிட்டது. மறுபடி வழுக்கும், மறுபடி பிடிக்கும். மேடைப் பக்கம் போய்ச் சேர்ந்து இன்ஜினை அணைக்கப் போனேன். "அணைக்காத. திரும்ப ஸ்டார்ட் பண்றதுதான் ஆபத்து" என்றார் போர்மேன். இலையை விரித்தார்கள். பின்தளம் இடுப்பு உயரம்தானே, ஒரே தூக்கில் உள்ளே வைத்தார்கள். அதற்காகத்தானே அண்ணாச்சியோடு சண்டை போட்டேன். திரும்பி, கல்லைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, கரிசல் பாதையில் எங்கும் நிற்காமல் தார் ரோடு ஏறினேன்.

ஆஸ்பத்திரிக்கு ஊர் வழியாகத்தான் போகவேண்டும். ஊர் நெருங்கும்போது பின்னாலிருந்து சன்னமாகக் குரல் வந்தது. "அண்ணே... ஊருக்குள்ள மெதுவாப் போங்கண்ணே. எங்கம்மா பயந்துரும்."

வெந்துபோய்க் கிடக்கிறாள், அவளுக்கு அம்மா பயப்படுவாளே என்று கவலை. "இன்னைக்கு முடியாது தாயி" என்று சொல்லிவிட்டு மிதித்தேன். சங்கிலிச் சத்தத்துக்கு ஊரே தெருவுக்கு வந்தது. ஒவ்வொருத்தியும் தன் பிள்ளை என்று நினைத்து வண்டி பின்னால் ஓடி வந்தாள். கண்ணாடியில் பார்த்தேன், முன்னால் ஓடி வந்தது மாரீஸ்வரியின் அம்மாதான். நிறுத்தவில்லை நான்.

மாரீஸ்வரி பிழைத்தாள். பல மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கை விரல்கள் ஒட்டிப்போய், அறுத்துப் பிரித்து வைத்தார்கள். பார்க்கப் போனால் என்னால் அந்த ஹாலில் உட்கார முடியாது. வெளியே வண்டியைச் சுற்றிச் சுற்றி நடப்பேன். மற்ற மேடைகள் அன்று எரியவில்லை. மறுநாள் காலையில் போர்மேன் மண்வெட்டியோடு வந்து, வெள்ளைக்கல்லுக்கு அந்தப் பக்கம் பதிந்திருந்த என் சக்கரத் தடத்தைத் தானே சமன்படுத்தினார். "தடம் கிடந்தா நாளைக்கு எவனாவது வழின்னு நெனச்சுக்குவான்" என்றார். அவர் இப்போது இல்லை.

பிறகு பாதைக்குச் சிமெண்டு போட்டார்கள். நான் ரிட்டயர் ஆனபோது அண்ணாச்சி வண்டியை என்னிடமே கொடுத்தார். "நீ இல்லாம அது என்னத்துக்கு? நீயே வச்சுக்க" என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சங்கிலியைக் கழற்றி, கழுவி, சந்தனம் பொட்டெல்லாம் வைத்து வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். எதிர்வீட்டுக்காரர் வந்து, வீட்டில் மருமகள் முழுகாமல் இருக்கிறாள், காலையில் எழுந்து இதில் முழிக்கவேண்டாமே என்று கைகூப்பிக் கேட்டுக்கொண்டார். தெருமுனைக்குத் தள்ளி நிறுத்தினேன்.

பேச்சியம்மாளும் ஏறவில்லை. சண்டை போட்டுப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். "உங்கள நான் குத்தம் சொல்லல. எனக்கு ஒடம்பு கூசுது, விட்டுருங்க" என்பாள். மகனைப் பார்க்க விருதுநகர் போகும்போது அவள் பஸ்ஸில் போவாள். நான் காலி வண்டியை ஓட்டிக்கொண்டு அந்தப் பஸ்ஸுக்குப் பின்னாலேயே போவேன். ஸ்டாப்பில் பஸ் நின்றால் நானும் நிற்பேன். ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள். இறங்கியதும் இரண்டு பேரும் சேர்ந்து நடந்து மகன் வீட்டுக்குப் போவோம். கண்டக்டர் ஒரு நாள் கேட்டார், "அண்ணாச்சி, வீட்டுக்குள்ள சண்டையா?"

சிரிப்பாகத்தான் இருக்கும் கேட்க. எனக்கு அப்படியில்லை. ராப்பகலாகத் தயாராக நின்று நான் பார்த்த வேலை அத்தனையும் ஒரு தீட்டு என்று என் வீட்டுக்காரியே சொல்கிற மாதிரி இருந்தது. ஒரே ஒரு ஆள் இதில் தானாக விரும்பி ஏறி உட்கார்ந்துவிட்டால் போதும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. வருஷங்கள் போயின, ஒருத்தரும் ஏறவில்லை. கடைசியில் அலுத்துப்போய்த்தான் விற்கச் சம்மதித்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை தேனியிலிருந்து ஒருத்தர் வருவதாக இருந்தது. போனிலேயே விலை பேசி முடித்துவிட்டான் மகன். "நீங்க சாவிய மட்டும் குடுங்க. வாயத் தொறக்காதீக" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். காலையிலேயே வண்டியைக் கழுவி வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அப்போதுதான் மாரீஸ்வரி வந்தாள். இப்போது திருத்தங்கலில் ஒரு அச்சகத்தில் காலண்டர் கோர்க்கிற வேலை பார்க்கிறாள். முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்தாள்.

"என்னண்ணே, வண்டிய விக்கப் போறீகளாமே?"

"ஆமா தாயி. ஆளு வந்துக்கிட்டு இருக்காக."

"குடுக்குறதுக்கு முந்தி நான் ஒரு தடவை இதுல போகணும்ணே."

"எங்க போகணும்?"

"எங்கயும் இல்ல. முன்னால உக்காந்து போகணும். அம்புட்டுத்தான்."

எனக்கு விளங்கவில்லை. அவள் வண்டியின் பக்கக் கண்ணாடியில் கை வைத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். "அன்னைக்குப் படுத்துக்கிட்டே போனேன்லா. இந்த வண்டியில எனக்குத் தெரிஞ்சது மேக்கூரை மட்டுந்தான். இப்பவும் கண்ண மூடுனா அந்தச் சாம்பக் கலர்க் கூரைதான் வருது. ரோடு வரமாட்டேங்குது. உக்காந்து ரோட்டப் பாத்துட்டா அது போயிருமோன்னு தோணுது."

பேச்சியம்மாள் காபியோடு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மாரீஸ்வரி காபியைக் குடித்துவிட்டு, டம்ளரை அவளிடம் கொடுத்துவிட்டு, முன்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். ஒட்டுப்போட்ட விரல்களால் பெல்ட்டை மாட்ட முடியவில்லை. மாட்டிவிட்டேன். அண்ணாந்து கூரையை ஒரு தடவை பார்த்தாள். "ச்சே, இம்புட்டுத்தானா?" என்றாள். "என்னமோ பெரிய வானம் மாதிரில்லா இருந்துச்சு."

நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து சாவியைத் திருப்பும்போது போன் அடித்தது. தேனிக்காரர். சிவகாசி பஸ் ஸ்டாண்டு வந்துவிட்டதாகவும், வழி சொல்லும்படியும் கேட்டார். வாயைத் திறந்தேன். அதற்குள் பின்பக்கத்தில் தட்தட்டென்று சத்தம். திரும்பினேன். பேச்சியம்மாள் வீட்டைப் பூட்டிவிட்டு, சுருக்குப் பையை இடுப்பில் செருகிக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிறாள். பின்சீட்டுக் கதவை இழுத்துப் பார்க்கிறாள், தள்ளிப் பார்க்கிறாள்.

"ஏங்க, இந்தக் கதவ எப்படித் தொறக்குறது?"

போனில் தேனிக்காரர் ஹலோ ஹலோ என்கிறார்.

"வண்டி குடுக்குறதா இல்லைங்க" என்றேன். "ஆளுக ஏறிக்கிட்டு இருக்காக."